மடியில் கனம்

கட்டைவிரலை ஐந்து முறை வைக்கச் சொன்னார்கள்.
ஐந்து முறையும் போன் என்னை யாரோ என்றது.
பதினொரு வருடம் பிசிறு வெட்டிய விரல்.
ரேகை பனியனோடு கப்பலேறிப் போய்விட்டது,
எந்த ஊரிலோ யாரோ உடுத்தியிருப்பார்கள்.
ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான்,
மாசாமாசம் என்னை நம்ப மறுக்கும்.
அங்கே திட்டுவேன். இங்கே
மனசுக்குள் ஒரு கும்பிடு.

ஆறாவது தடவை அது விரலை விட்டுவிட்டு எண் கேட்டது.
எஸ்.ஐ. நாற்காலியைத் திருப்பினார்.
"நம்பரச் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போங்கம்மிணி.
அந்த வீடியோ ஆரு அனுப்புனதுன்னு பாத்துட்டுக் குடுத்தர்றோம்."

வீடியோவில் இருட்டுத்தான் அதிகம்.
ராத்திரி ரெண்டு மணி, ஒரு குழாய்,
குழாயிலிருந்து நொய்யலுக்கு இறங்கும் தண்ணீர்,
டார்ச் பட்ட இடத்தில் மட்டும் ஊதா.
செக்கிங் பெண்கள் நாற்பது பேர் இருக்கிற குழுவில் வந்தது.
பார்த்தேன். அழுகிற பொம்மை ஒன்று போட்டேன்.

என் போன் என்கிறார்கள்.
அதில் என்னுடையது குறைச்சல்.
டாக்டர் எழுத்து புரியவில்லை என்று
சுகந்தாமணி அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்,
ஒடிசாக்காரி மினோதியின் வட்டிக் கணக்கு,
மேஸ்திரியைப் பற்றி பானுரேகா
அழுதுகொண்டே பேசிய நாலு நிமிஷம்.
அவர்களை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

நாச்சிமுத்து பக்கத்தில் நின்றார்,
ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்தபடி.
"சொல்லிப்போடு புள்ள.
மடியில கனமில்லீன்னா வழியில என்ன பயம்?"

கனம் வைக்கத்தானே மடி?
வழிப்பறிக்குப் பயந்தவன் எவனோ சொன்னதை
சோதனைச் சாவடியில் எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஆறு இலக்கம். ஒரு தேதி.
நைட் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு
ஈரோடு ஜங்ஷனில்
மங்களூருக்கு ஒரு டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த இரவு.
கூட யாரும் இல்லை.
போகிற இடத்திலும் யாரும் காத்திருக்கவில்லை.
வண்டி வந்தது. நின்றது. போனது.
விடியக்காலை பஸ்ஸில் திரும்பி
இட்லி ஊற்றினேன்.
பையனுக்குக் காய்ச்சல் கண்டு
இவர் தனியாகத் தூக்கிக்கொண்டு
ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததும் அதே இரவு.
அந்தத் தேதியை அவர் மறக்க மாட்டார்.
வாய்விட்டுச் சொன்னால்
எஸ்.ஐ.க்கு அது வெறும் நம்பர்.
ஹெல்மெட்டோடு நிற்கிறவருக்கு?

எஸ்.ஐ. இளகினார்.
"செரி, சொல்ல வேண்டாம். நீங்களே அடிச்சுத் தொறந்து குடுங்க.
நான் அக்கட்டால திரும்பிக்கறேன்."
நிஜமாகவே திரும்பிக்கொண்டார்,
சுவரில் ஒரு மாரியம்மன் காலண்டர்.

என் சாக்கு அத்தோடு போயிற்று.
மிச்சம் இருந்தது அந்த நாற்பது பேர்.
சுகந்தாமணியின் வயிற்றுக்குள் இருப்பதை
இவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

"முடியாதுங்க."

எங்கள் ஊரில் மறுப்புக்கும் ஒரு 'ங்க' உண்டு.
அதற்கு மேல் மரியாதை என்னிடம் இல்லை.
"கோர்ட்டு ஆர்டரோட வந்தா?"
"வாங்கீட்டு வாங்க. அப்பவும் யோசிக்கோணுமுங்க."
குரல் நடுங்கியது. கையும்.
ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

போனைக் கவரில் போட்டு அரக்கு வைத்தார்கள்.
சென்னையில் லேபுக்குப் போகுமாம், அங்கே வரிசை நீளமாம்.
ரசீதில் இருந்தது:
கருநீலக் கைபேசி ஒன்று. திரையில் கீறல்.
பூட்டிய நிலையில்.

வண்டியில் திரும்பும்போது
பாலத்து நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம்.
கீழே நொய்யல் நுரைத்துக் கிடந்தது.
அப்படி என்ன நம்பர் என்று
கேட்பார் கேட்பார் என்று முதுகையே பார்த்திருந்தேன்.
"பையனுக்கு பன்னு வாங்கோணும்" என்றார்.

தன் போனுக்குப் பூட்டே கிடையாது என்று
ஊரெல்லாம் சொல்கிற மனிதர்,
அன்று இரவு படுக்கும் முன்
அதைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தார்.
ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.